தாராவி நேர்காணல்களுக்கு சோனி ஐசிடி-யூஎக்ஸ்570 ரெக்கார்டர்

மும்பையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். தாராவியில் வீட்டிலிருந்தே கூலிக்குத் தைக்கும் தமிழ்ப் பெண்களைப் பற்றி ஆய்வும் செய்கிறேன். "போன்லயே ரெக்கார்ட் பண்ணலாமே, தனியா எதுக்கு மேடம்?" என்று முனைவர் பட்ட மாணவர்கள் கேட்கிறார்கள். தனிக் கருவிதான் வேண்டும் என்பேன்.

பேச்சு நடுவில் போனுக்கு அழைப்பு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் புருஷன் அடிப்பதை ஒரு பெண் சொல்லி அழுத குரல், நமக்கே தெரியாமல் கிளவுடில் ஏறிவிடக்கூடும். "வெளியே போகாது" என்று சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே! இந்தக் கருவியில் இணையமே கிடையாது. பதிவாகும்போது சிவப்பு விளக்கு எரியும், பேசுபவருக்கும் அது தெரியும். "இத மட்டும் நிப்பாட்டும்மா" என்று ஒரு அம்மா விளக்கைக் காட்டிச் சொன்னார், நிறுத்தினேன். அந்த உரிமை அவர் கையில் இருக்க வேண்டும்.

ஒலி நன்றாக இருக்கிறது. பக்கத்தில் தையல் மெஷின் ஓட, தகரக் கூரையில் மழை கொட்ட, ஃபோகஸ் முறையில் (ஒரு திசைக் குரலைக் கூர்ந்து பிடிக்கும் அமைப்பு) அருகே வைத்தால் பேச்சு தெளிவாக விழுகிறது. நெல்லைத் தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே வாக்கியத்தில் வரும். அதை எழுத்தாக்க, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஏ-பி வசதியும் வேகத்தைக் குறைக்கும் வசதியும் இல்லாமல் முடியாது. யூஎஸ்பி முனை கருவிக்குள்ளேயே இருக்கிறது, தனி வயர் வேண்டாம். 4 ஜிபி நினைவகம். போதாவிட்டால் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம்.

பாஸ்வேர்டு பூட்டு கிடையாது, தொலைந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் அன்று மாலையே பூட்டிய லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுக் கருவியில் அழித்துவிடுங்கள். பேட்டரியையும் கழற்றி மாற்ற முடியாது.

கேஸ் ஒர்க்குக்கு, அதாவது தனி மனிதர்களைச் சந்தித்து உதவும் களப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களிடம் மட்டும் இதைக் கொடுக்க மாட்டேன். அவர்கள் முகம் பார்த்துக் கேட்டுவிட்டு வந்து, நினைவிலிருந்து பிராசஸ் ரெக்கார்டிங் (சந்திப்பில் நடந்த பேச்சை விரிவாக எழுதும் குறிப்பு) எழுதிப் பழக வேண்டியவர்கள். கருவி இருந்தால் காது சோம்பிவிடும்.

கல்லூரிச் சம்பளத்தில் யோசித்து வாங்க வேண்டிய விலைதான். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் உபகரணச் செலவில் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.