வாயுவை விரட்டும் காற்றா, ஆற விடாத தாரையா?

கேலக்ஸியின் நடுவில் உள்ள பெருங்கருந்துளை, அங்கிருக்கும் வாயுவை இரண்டு விதமாகப் பாடாய்ப் படுத்துகிறது.

முதல் வகை காற்று, அதாவது கருந்துளையின் பக்கத்திலிருந்து வெளியே வீசும் வாயு ஓட்டம். மார்க்கேரியன் 231 என்ற கேலக்ஸி இதற்கு நல்ல உதாரணம். இதன் நடுவில் இருப்பது குவாசர்: அளவில்லாமல் விழுங்கிக்கொண்டே பிரகாசமாக ஒளிரும் கருந்துளை. அங்கே குளிர்ந்த மூலக்கூறு வாயு நொடிக்கு சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் வெளியே தள்ளப்படுகிறது; ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களின் நிறை! புது விண்மீன்கள் பிறக்க வேண்டிய சரக்கே அதுதான். இப்படியே போனால் ஓரிரு கோடி ஆண்டுகளில் கையிருப்பு காலி. ஆனால் போன வாயுவில் ஒரு பகுதி திரும்ப விழலாம்.

இரண்டாம் வகை தாரை. பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கொத்தின் நடுவில் இருக்கும் என்ஜிசி 1275 கேலக்ஸியில் கதை வேறு. இங்கே தீனி குறைவு. கருந்துளையின் ஆற்றல் பெரும்பாலும் தாரைகளாக, அதாவது ஒடுக்கமாகப் பீய்ச்சியடிக்கும் ஓட்டங்களாக, போகிறது. அவை பல கோடி டிகிரி சூடான வாயுவுக்குள் பெரிய குமிழிகளை ஊதுகின்றன. சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியின் படத்தில் அவை இருண்ட பள்ளங்களாகத் தெரியும். அப்புறம், சுற்றிலும் சிற்றலைகள். அவை ஒலியலைகள் என்று 2003-இல் அறிவித்தார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் ஒரு கோடி ஆண்டு! இந்த ஆற்றல்தான் வாயுவை ஆற விடாமல் வைத்திருக்கிறது. ஆறினால்தானே விண்மீன் பிறக்கும்?

பார்க்கப் பிரமாதம் காற்றுதான். ஆனால் பெரிய கேலக்ஸிகளை நீண்ட காலம் மலடாக வைத்திருப்பது எது என்றால், என் ஓட்டு தாரைக்கே. சரி, இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அவ்வளவு சுத்தமானதும் இல்லை: மார்க்கேரியன் 231-இலும் ரேடியோ தாரை உண்டு.