மிச்சிகன் காட்டில் மான் வேட்டைக்கு எந்த வாக்கி டாக்கி?

பெட்டியில் "36 மைல்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாக்கி டாக்கி வாங்காதீர்கள். ஒருவர் ஒரு மலையுச்சியிலும் இன்னொருவர் எதிர் உச்சியிலும் நின்றுகொண்டு, நடுவில் ஒரு மரம்கூட இல்லாமல் பேசினால் வரும் கணக்கு அது. மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில், சீடாரும் ஹெம்லாக்கும் நெருக்கியடித்து நிற்கும் சதுப்புக்குள் அதே ஜோடியை எடுத்துப் போனால் ஒரு மைல் தாண்டுவதே பெரிய விஷயம். நடுவில் ஒரு மேடு குறுக்கிட்டால் அதுவும் இல்லை.

டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு நவம்பர் 15 எப்போது வரும் என்று காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அன்றுதான் இங்கே துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது, 30ஆம் தேதி வரை ஓடும். எங்கள் குழுவில் ஆளுக்கொரு பிராண்டு வைத்திருந்ததால் பலவற்றையும் ஒரே காட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. நான் கடைசியில் நின்ற இடம் பிடெக் கம்பெனியின் மர்ஸ் வி2, அதோடு தனியாக வாங்கிய ஒரு நீள ஆன்டெனா. ஏன் என்று சொல்வதற்கு முன் இந்த ஊர் அலைவரிசைக் கூத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் எந்த மாடலைப் பற்றிப் பேசியும் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் பயன்படுத்த மூன்று வழி. முதலாவது எஃப்.ஆர்.எஸ்., லைசென்ஸ் வேண்டாம், 22 சேனல், அதிகபட்சம் 2 வாட், 8 முதல் 14 வரையுள்ள சேனல்களில் அரை வாட் மட்டும். ஆன்டெனாவைக் கழற்றக்கூடாது என்பது சட்டம், அதனால் கம்பெனி வைத்த குட்டை ஆன்டெனாதான் கடைசிவரை. இரண்டாவது ஜி.எம்.ஆர்.எஸ்., பெரும்பாலும் அதே சேனல்கள்தான், ஆனால் அதிக வாட் போகலாம், ஆன்டெனா மாற்றலாம், ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) உபயோகிக்கலாம். பரீட்சை கிடையாது, 35 டாலர் கட்டினால் 10 வருஷத்துக்கு லைசென்ஸ். அந்த ஒரே லைசென்ஸில் மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா, அண்ணன் தம்பி, மாமனார் மாமியார், சித்தப்பா அத்தை என்று எல்லோரும் பேசலாம், நம் ஊர் ரேஷன் கார்டைவிடப் பெரிய குடும்பம். ஆனால் நண்பர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வேட்டைக்கு யாருடன் போகிறோம்? ஆபீஸ் நண்பர்களுடன். ஆளுக்கு ஒரு லைசென்ஸ் எடுத்தால்தான் முறை.

மூன்றாவது மர்ஸ். இதைப் பற்றி ஏனோ பலருக்குத் தெரிவதில்லை, பெரிய கடைகளின் ஸ்போர்ட்ஸ் சாமான் பகுதியில் கண்ணிலும் படாது. 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரை ஐந்தே சேனல், 2 வாட் வரம்பு, லைசென்ஸ் வேண்டாம், ஆன்டெனாவைக் கழற்றி மாற்றலாம். காட்டுக்குள் இந்த 151 என்கிற எண்தான் முக்கியம். முதல் இரண்டும் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அலைநீளம் சுமார் 65 சென்டிமீட்டர். மர்ஸின் அலைநீளம் சுமார் 2 மீட்டர். இலை, சுள்ளி, கிளை எல்லாம் குட்டை அலையைத்தான் அதிகம் உறிஞ்சும், அதுவும் மழையில் நனைந்த ஊசியிலை என்றால் கேட்கவே வேண்டாம். நவம்பரில் மேப்பிளும் ஓக்கும் இலை உதிர்த்து நிற்கும், அந்தப் பக்கம் எந்த வாக்கி டாக்கியும் சுமாராக வேலை செய்துவிடும். சீடார் இலையை உதிர்க்காதே! மான்கள் குளிருக்கு ஒதுங்குவதும் அங்கேதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மர்ஸ் வாங்கச் சொல்லும் பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 462 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளத்தில் கால் பங்கு ஆன்டெனா, அதாவது சுமார் 16 சென்டிமீட்டர் இருந்தால் போதும், கையடக்க செட்டில் அது கிட்டத்தட்ட முழுசாகவே வந்துவிடும். 151க்கு அரை மீட்டர் வேண்டும். அவ்வளவு நீளத்தைச் சட்டைப்பையில் வைக்க முடியாது என்று கம்பெனிகள் கம்பியைச் சுருளாகச் சுற்றி விரல் நீள ரப்பருக்குள் அடைத்துவிடுகின்றன, அதில் பாதிக்கு மேல் சக்தி வீணாகப் போகிறது. ஆகவே, கூட வரும் குட்டை ஆன்டெனாவோடு ஒரு மர்ஸ் செட்டைக் கொண்டுபோய் 5 வாட் ஜி.எம்.ஆர்.எஸ். செட்டுக்கு எதிரே வைத்தால் மர்ஸ் தோற்றாலும் ஆச்சரியமில்லை. அதே செட்டில் நகோயா 771 மாதிரி 40 சென்டிமீட்டர் வரும் ஆன்டெனாவைத் திருகினால் கதை மாறிவிடும். எங்கள் சதுப்பில் குட்டை ஆன்டெனாவில் வெறும் இரைச்சலாக வந்த குரல் நீளத்தில் வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. ஆன்டெனா வாங்கும்போது திருகு ஆணா பெண்ணா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் கிடைக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். புதரில் மாட்டும் என்பது உண்மைதான், நடக்கும்போது குட்டையைப் போட்டுக்கொண்டு பரணில் ஏறியதும் நீளத்தை மாட்டிக்கொள்வது என் வழக்கம்.

வாட் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 4 டெசிபெல்தான். இடுப்பு பெல்ட்டில் தொங்கும் செட்டை எடுத்து முக உயரத்தில், ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி பிடித்துப் பேசினாலே அந்தளவு லாபம் வந்துவிடும், ஏனென்றால் நம் உடம்பே ஒரு பெரிய தண்ணீர்ப் பை. பரணில் ஐந்து மீட்டர் உயரத்தில் இருப்பவருக்குக் கேட்பது கீழே நிற்பவருக்குக் கேட்காது, அதனால் ஒருவராவது மேலே இருந்து நடுவில் தகவல் சொல்வது நல்ல ஏற்பாடு.

மர்ஸுக்கும் குறை உண்டு. நாய் வைத்து வேட்டையாடுபவர்கள் பயன்படுத்தும் கார்மின் கழுத்துப்பட்டைகள் நாயின் இடத்தை அனுப்புவது இதே அலைவரிசையில்தான். பக்கத்து நிலத்தில் கரடிக்கோ முயலுக்கோ நாய்களை அவிழ்த்துவிட்டிருந்தால் சில நொடிக்கொரு முறை "சர்க் சர்க்" என்று வந்துகொண்டே இருக்கும். சேனல் மாற்றிப் பாருங்கள், ஐந்தில் ஒன்றாவது அமைதியாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அண்ணே, 25 டாலருக்கு பாவ்ஃபெங் யுவி-5ஆர் கிடைக்குதே, அதில் எல்லா அலைவரிசையும் வருதே" என்று கேட்பீர்கள். வரும். ஆனால் அந்த செட்டுக்கு இந்த மூன்று சேவைகளிலும் பேசுவதற்கான சான்றிதழ் கிடையாது, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2018லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோ லைசென்ஸ் எடுத்தால் (35 கேள்வியில் 26 சரியாக எழுதினால் போதும், இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரு வார இறுதி வேலை) ஹாம் அலைவரிசையில் தாராளமாகப் பேசலாம், எதிரில் பேசுபவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாவிட்டாலும் வானிலை அறிவிப்பு கேட்க உதவும், அதற்கு மட்டும் என் பையில் ஒன்று கிடக்கிறது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. மிட்லாண்ட் ஜி.எக்ஸ்.டி. 1000 வரிசை ஜி.எம்.ஆர்.எஸ். வகை, ஜோடியாக சார்ஜர், ஹெட்செட்டோடு வரும், பேட்டரி தீர்ந்தால் கடையில் கிடைக்கும் நான்கு ஏஏ பேட்டரி போட்டு ஓட்டலாம், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்ல பேரம். மோட்டரோலா டி600 தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், வாத்து வேட்டைக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன், ஆனால் எஃப்.ஆர்.எஸ். என்பதால் ஆன்டெனா மாற்ற முடியாது. ராக்கி டாக்கியின் மலையேற்ற மாடல் கட்டுமானத்தில் அருமை, கிளிப்பை மாட்டினால் கழன்று விழாது, திறந்த மலைச்சரிவில் ராஜா, அடர்காட்டில் அதுவும் மற்ற எஃப்.ஆர்.எஸ். மாதிரிதான், விலை மட்டும் கூட. கார்மின் ரைனோ வரிசை நம் இடத்தைக் கூட்டாளியின் திரையில் காட்டும், பணம் இருந்தால் பார்க்கலாம். இன்னொரு பிரபல கம்பெனியின் செட்டைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன்: பேசும் பட்டனை அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம், காட்டின் அமைதியில் அது எனக்கே நன்றாகக் கேட்டது, மானுக்குக் கேட்காதா?

சத்தம் என்றதும் சொல்கிறேன். வாங்கியவுடன் பட்டன் பீப், பேசி முடித்ததும் வரும் பீப், அழைப்பு மணி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும் வசதியையும் அணையுங்கள், காற்றும் ஜாக்கெட் உரசலும் போதும் அதைக் கிளப்ப. இயர்பீஸ் இல்லாமல் காட்டுக்குப் போகவே வேண்டாம். "பிரைவசி கோடு" என்பதும் ரகசியம் இல்லை, மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும், உங்கள் பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நல்ல இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதை ரேடியோவில் விலாவாரியாகச் சொன்னால் மறுநாள் அங்கே கூட்டம் நிற்கும்.

குளிர்தான் அடுத்த வில்லன். சாதாரண ஆல்கலைன் பேட்டரி உறைநிலைக்குக் கீழே சீக்கிரம் மயங்கிவிடும். ஏஏ போடுகிற செட் என்றால் சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ வாங்குங்கள், மைனஸ் 40 வரை தாங்கும். சார்ஜ் செய்யும் வகை என்றால் செட்டை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்து மைக்கை மட்டும் வெளியே எடுங்கள்.

அப்புறம் சட்டம். மினசோட்டாவில் வாக்கி டாக்கி, செல்போன் உதவியோடு வேட்டையாடுவதே குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் "மான் உன் பக்கம் வருது" என்று சொல்லிச் சுடவைத்தால் பெரிய கொம்புகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பின் பதிவேட்டில் அந்தக் கொம்புக்கு இடமில்லை. எங்கள் குழுவில் யார் எங்கே இருக்கிறார், யார் பரணிலிருந்து இறங்குகிறார், சுட்ட மானை இழுக்க ஆள் வேண்டுமா, இதற்கு மட்டும்தான் வாயைத் திறப்போம். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படப் போடும் ஆரஞ்சுச் சட்டைக்கு அடுத்தபடி உயிர் காப்பது இந்த "நான் இறங்குகிறேன்" என்ற ஒரு வரிதான் என்பது என் கருத்து.

டொரொன்டோ பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு: கனடாவில் மர்ஸ் அனுமதி இல்லை, எல்லை தாண்டி எடுத்துப் போய்ப் பேசாதீர்கள். அங்கே ஜி.எம்.ஆர்.எஸ்.ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் 2 வாட்தான் வரம்பு, அதனால் 5 வாட் மாடலுக்குக் காசு கொடுப்பது வீண். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் அங்கே வேட்டைக்கு வேலை முடிந்தது.