வெனிஸில் மீன் சாப்பிட உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வெனிஸுக்குப் போகிறவர்கள், அதிலும் அளவான காசோடு போகிற கணவன் மனைவி யாராவது இருந்தால், இதைக் கடைசி வரை படித்துவிட்டுப் போங்கள். சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், ஒரே ஒரு மீனுக்கு எங்களிடம் 108 யூரோ வாங்கிவிட்டார்கள். விலை அதிகம் என்பது வேறு, ஏமாற்றுவது வேறு. எங்களுக்கு நடந்தது ஏமாற்று.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரோடே கிடையாது. அகலமான படிக்கட்டு, அது முடிகிற இடத்தில் தண்ணீர். எதிர்க்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். பஸ் நிற்பதுபோல் படகு வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. எத்தனை படத்தில் பார்த்திருந்தாலும் நேரில் பார்க்கும்போது மனது நிறைந்துவிடுகிறது. ஹாரன் சத்தமே இல்லாத ஊரில் நடப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த ஊரைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் எல்லாமே விலை. வாப்பொரெத்தோ என்கிற படகு பஸ்ஸில் ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடத்துக்கு. ஒரு முழு நாள் பாஸ் 25 யூரோ. அதனால் தீவு நகரத்துக்கு வெளியே, பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் அறை எடுத்தோம். அங்கிருந்து பஸ்ஸிலோ டிராமிலோ வந்தால் 1.50 யூரோதான், ரயிலில் பத்து நிமிடம். அந்த பஸ் டிக்கெட் படகுக்குச் செல்லாது, அதை மட்டும் கவனியுங்கள். 2024ல் தொடங்கிய நுழைவுக் கட்டணம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட சில நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் கட்ட வேண்டும். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது என்பதால் அங்கே தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நகராட்சியின் இணையதளத்தில் முன்பே பதிவு செய்து கியூஆர் கோடு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துகொண்டிருந்த எங்களுக்கு, ஒரு நல்ல மீன் சாப்பாடு மட்டும் சாப்பிட வேண்டும் என்று ஆசை. நான் தூத்துக்குடிக்காரி. கடல் ஊருக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போக மனசு வரவில்லை.

கடை வாசலில் 18 யூரோவுக்குச் சாப்பாடு என்று பலகை இருந்தது. வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்று கைகூப்பி உள்ளே அழைத்தார். உட்கார்ந்ததும் அந்த 18 யூரோ சாப்பாடு முடிந்துவிட்டது என்றார்கள். சரி, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டோம். ஒரு தட்டில் ஐஸ் பரப்பி நாலைந்து மீனைக் கொண்டுவந்து காட்டினார் பரிமாறுகிறவர். காலையில் பிடித்தது என்றார். அதில் ஒராத்தா என்கிற மீனைத் தேர்ந்தெடுத்தோம். மெனு அட்டையில் அதற்கு நேராக 9 என்று இருந்தது. என் கணவர் அந்த 9ஐ விரலால் தொட்டுக் காட்டி, "இந்த மீனுக்கு ஒன்பது யூரோவா?" என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டார். "ஆமாம், ஆமாம், ஒன்பது" என்று தலையாட்டிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மீன் வந்தது. தலை இல்லை, வால் இல்லை, முள்ளும் எடுத்தாகிவிட்டது. தட்டில் இருந்தது என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான இரண்டு துண்டு. கூடவே நாங்கள் கேட்காத உருளைக்கிழங்கு ஒரு தட்டு, சாலட் ஒரு தட்டு. சாப்பாட்டோடு சேர்ந்தது போலிருக்கிறது என்று நினைக்கும்படி பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பில் 154.56 யூரோ. மீன் 1.2 கிலோ, 108 யூரோ. உருளையும் சாலட்டும் தலா 8. தண்ணீர் 6. கொப்பெர்த்தோ என்கிற மேசைக் கட்டணம் ஆளுக்கு 4. இதற்கெல்லாம் மேல் சேவைக் கட்டணம் 12 சதவீதம்.

அந்த 9 யூரோ 100 கிராமுக்காம். மெனுவைத் திரும்ப வாங்கிப் பார்த்தோம். விலைக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எழுத்தில், "எத்தோ" என்று இருந்தது. இத்தாலியில் 100 கிராமுக்கு அதுதான் பெயர். எழுதித்தானே இருக்கிறது என்பதுதான் அவர்களின் வாதம். அப்படியென்றால் நேராகக் கேட்டபோது ஏன் ஆமாம் என்றார்? எடையை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. சின்ன வயதிலிருந்து மீனைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கி வளர்ந்தவள் நான். தட்டில் எங்களுக்குக் காட்டிய அந்த மீன் அறுநூறு கிராமுக்கு மேல் இருக்க வழியே இல்லை. தலையையும் முள்ளையும் அடுப்படியிலேயே எடுத்துவிட்டால் அப்புறம் யார் எதை நிறுத்துப் பார்ப்பது?

அடுத்த மேசையில் தென் இத்தாலியின் பாரி நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு இத்தாலியப் பெண்மணி இருந்தார். மெதுவாகச் சாய்ந்து, "முறையான வரி ரசீது கேளுங்கள். 117க்குப் போன் செய்வோம் என்று சொல்லுங்கள்" என்றார். 117 என்பது குவார்தியா தி ஃபினான்சா எண். வரி ஏய்ப்பு, நிதி மோசடிகளை விசாரிக்கிற போலீஸ் அது. எங்களுக்குத் தந்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான். என் கணவர் குரலை உயர்த்தாமல், ஆனால் எழுந்திருக்காமல், வரி ரசீது வேண்டும் என்றார். அப்புறம் போனை எடுத்து மேசை மேல் வைத்து, அந்த எண்ணைச் சொன்னார். உள்ளே இருந்து மேனேஜர் வந்தார். உருளை, சாலட், சேவைக் கட்டணம் மூன்றையும் அடித்துவிட்டு 122 யூரோவுக்கு முறையான ரசீது போட்டார். மீன் விலையில் மட்டும் இறங்கவே இல்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. கார்டு மெஷினை நீட்டும்போதும் ரூபாயிலேயே கட்டச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். யூரோவை அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் இன்னொரு தடவை அடிவாங்க வேண்டும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2018ல் சான் மார்க்கோ பக்கத்தில் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு, நான்கு ஸ்டேக்கும் ஒரு தட்டு பொரித்த மீனும் தண்ணீரும் சாப்பிட்டதற்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டது உலகம் முழுக்கச் செய்தியானது. இந்த மாதிரிக் கடைகளுக்கு நீங்கள் திரும்பி வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. நாளைக்கு வேறு கூட்டம் வந்து இறங்கும். பழைய தீவு நகரத்தில் 1951ல் 1,70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள், இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. பெயர் கெட்டுவிடுமே என்று கடைக்காரர் கவலைப்படுவதற்கு, தினமும் வந்து சாப்பிடுகிற அக்கம்பக்கத்துக்காரர்கள் அந்தச் சந்தில் மிச்சமில்லை. எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான்.

மீன் கேட்டால், சமைப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரே தராசில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மொத்த விலையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒழுங்கான கடையில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மெனு அட்டையைச் சாப்பிட்டு முடிக்கும்வரை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். கேட்காமல் வரும் தட்டைத் திருப்பி அனுப்புங்கள். கொப்பெர்த்தோ என்பது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், மெனுவில் எழுதியிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும்.

நல்ல சாப்பாடு இந்த ஊரில் இருக்கிறது, அதுவும் எங்கள் பட்ஜெட்டுக்குள். கன்னரேஜோ பகுதியில் மிசெரிகோர்தியா, ஒர்மெசினி கால்வாய்க் கரைகளில் பாக்கரோ என்கிற சின்னக் கடைகள் உண்டு. நின்றுகொண்டே சாப்பிடலாம். ரொட்டித் துண்டின் மேல், காய வைத்த காட் (cod) மீனை எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி அடித்துத் தடவித் தருகிறார்கள், ஒரு துண்டு இரண்டு யூரோ அளவில்தான். சார்தே இன் சாவோர் என்று கேளுங்கள். நம் சாளை மாதிரி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயமும் வினிகரும் உலர்திராட்சையும் போட்டு ஊற வைத்தது. புளிப்பும் இனிப்புமாக அவ்வளவு ருசி. ஊர் முழுக்கக் குழாய்களில் நல்ல குடிதண்ணீர் இலவசமாக வருகிறது, பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

காசை மிச்சம் பிடிக்கலாம் என்று கெட்டிலும் அரிசியும் கொண்டுபோகிற நம் ஆட்களுக்கு ஒன்று: அதெல்லாம் அறைக்குள் மட்டும். 2019ல் ரியால்தோ பாலத்துப் படியில் சின்ன அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மன் பயணிகளுக்கு 950 யூரோ அபராதம் போட்டு ஊரை விட்டே அனுப்பினார்கள். சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பதற்கும் அபராதம் உண்டு.

இன்னொன்று, முரானோ தீவுக்கு இலவசப் படகு. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி செய்வதைக் காட்டுகிறோம், காசே வேண்டாம் என்பார்கள். எங்கள் விடுதியில் இருந்த புனே தம்பதி போயிருக்கிறார்கள். பத்து நிமிடம் உலையைக் காட்டிவிட்டு, மாடிக் கடையில் உட்கார வைத்து வாங்கு வாங்கு என்று ஒருவர் மாற்றி ஒருவர் நெருக்கியிருக்கிறார்கள். வாங்கவில்லை என்றதும் திரும்பப் படகு இல்லை. கையிலிருந்து டிக்கெட் போட்டு வந்தார்கள். 1291லிருந்து கண்ணாடி உலைகள் இருக்கிற தீவு அது, பார்க்க வேண்டிய இடம்தான். ஃபொண்டமென்தே நோவேயிலிருந்து 4.1, 4.2 எண் படகுகள் போகின்றன, நீங்களே டிக்கெட் எடுத்துப் போங்கள். வாங்குவதாக இருந்தால் "வேத்ரோ ஆர்திஸ்திகோ முரானோ" முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.