இஎன்பிளஸ் ஏ1 மரப் பெல்லட்: எரியும் தரம் நன்று, மரத்தின் பூர்வீகம் தெரியவில்லை

ஐரோப்பாவில் வீட்டைச் சூடேற்றும் கொதிகலனுக்கு மரப் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளை எரிபொருள்) வாங்குபவர் முதலில் தேடுவது இஎன்பிளஸ் ஏ1 என்ற முத்திரையை. இஎன்பிளஸ் என்பது பெல்லட்டுக்கான தரச் சான்றிதழ்; ஏ1 அதன் உயர்ந்த வகை. எரிபொருளின் தரம் பற்றி அந்த முத்திரை அளிக்கும் உறுதியைப் பெல்லட் காப்பாற்றுகிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் எரிக்கத் தகுந்த மரம்தானா இது என்ற கேள்விக்கு மூட்டையில் விடை இல்லை.

6 அல்லது 8 மி.மீ. விட்டம், அதிகபட்சம் 10 சதவீத ஈரம், 0.7 சதவீதத்துக்கு மேற்படாத சாம்பல், மூட்டையில் அரை சதவீதத்துக்கு மேற்படாத தூள் என்பன ஏ1 வகைக்குரிய வரம்புகள். ஈரம் கூடினால் வெப்பம் குறையும். தூள் கூடினால் பெல்லட்டை உள்ளே தள்ளும் திருகு அடைபடும். கிலோவுக்குக் குறைந்தது 4.6 கிலோவாட் மணி வெப்பம் கிடைப்பதால், ஏறத்தாழ 2 கிலோ பெல்லட் ஒரு லிட்டர் சூடேற்று எண்ணெய்க்கு ஈடாகிறது. நான் பயன்படுத்திய மூட்டைகள் சீராக எரிந்தன. சாம்பல் தட்டை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை லாரியிலிருந்து குழாய் வழியாக நிரப்பப்பட்ட சரக்கில் தூள் அளவுக்கு மீறி இருந்தது. ஆனாலும் விற்பனையாளரின் சான்றிதழ் எண் ரசீதில் அச்சாகியிருந்ததால், யாரிடம் எதைக் காட்டி முறையிடுவது என்பதில் குழப்பம் ஏற்படவில்லை. தயாரிப்பாளரோடு நிற்காமல் வணிகரையும் சான்றிதழுக்குள் கொண்டுவந்திருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். சேமிப்பறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: குவித்து வைத்த பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளியேறும் என்பதால், காற்றோட்டமில்லாத அறைக்குள் யாரும் நுழையக் கூடாது.

மரம் அறுக்கும் ஆலையின் தூளுக்கு இத்தகைய சந்தை உருவானதில் கொள்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 2020க்குள் ஆற்றல் நுகர்வில் 20 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ஆணையிட்டபோது, மரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஆலைகள் தம் கார்பன் உமிழ்வுக்கு உரிமம் பெற வேண்டிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்தில், நிபந்தனைகளை நிறைவேற்றும் உயிரித்திரளின் (மரம் போன்ற உயிர்ப்பொருள் எரிபொருளின்) உமிழ்வு சுழியம் என்று கணக்கிடப்படுகிறது. 2020 ஜனவரி முதல் புதிய திட எரிபொருள் கொதிகலன்களுக்கு நுண்துகள் வரம்பும் வந்தது. தானாக எரிபொருள் ஊட்டிக்கொள்ளும் வகைக்கு அது கன மீட்டருக்கு 40 மில்லிகிராம். இத்தகைய கொதிகலனுக்குத் தரம் மாறாத எரிபொருள் வேண்டும். அதனால் ஏ1 முத்திரையின் மதிப்பும் உயர்ந்தது.

என்னை உறுத்துவது மூலப்பொருள். மரப்பட்டையில் சாம்பல் அதிகம். கிளைகளிலும் பட்டையின் பங்கு கூடுதல். 0.7 சதவீத வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் பட்டை நீக்கிய மரமோ ஆலையின் சுத்தமான தூளோ தேவைப்படுகிறது. ஏ1 வகையில் இரண்டுக்குமே இடமுண்டு, முழு அடிமரத் தண்டு உட்பட. வேறெதற்கும் ஆகாத மரமே எரிபொருளாக வேண்டும் என்று கொள்கை விரும்ப, தர வரம்போ நல்ல மரத்தை நோக்கி இழுக்கிறது. 2030க்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்கை 42.5 சதவீதமாக உயர்த்திய ஒன்றிய ஆணையின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், மரத்தை முதலில் பொருளாகவும் கடைசியில் எரிபொருளாகவும் பயன்படுத்தும் வரிசையை வலியுறுத்துகிறது. பலகை அறுக்கத் தகுந்த தடிகள், அடிக்கட்டைகள், வேர்கள் ஆகியவற்றை எரித்துப் பெறும் ஆற்றலுக்கு நேரடி நிதியுதவி கூடாது என்றும் சொல்கிறது. காட்டைக் கெடுக்காமல் மரம் எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நிலைத்தன்மைச் சோதனை, 2018ஆம் ஆண்டு ஆணையில் 20 மெகாவாட் திறனுள்ள எரிப்பு நிலையங்களில் தொடங்கியது; அந்த வரம்பை 7.5 மெகாவாட்டுக்கு இறக்கியதும் இதே திருத்தம்தான். நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வீட்டுக் கொதிகலன்கள் பெரும்பாலும் சில பத்துக் கிலோவாட் திறனுக்குள் அடங்குபவை; அவற்றில் எரியும் மூட்டையை அந்தச் சோதனை எட்டுவதில்லை. 2013 முதல் நடப்புக்கு வந்த ஒன்றியத்தின் மரப்பொருள் ஒழுங்குமுறை கேட்டதோ, மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா என்பதை மட்டும்.

விலையும் கொள்கையோடு பின்னியதே. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 ஜூலையில் ரஷ்ய மரத்தின் இறக்குமதி நின்றது. எரிவாயுத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சியவர்களும் பெல்லட்டை நாடினார்கள். ஜெர்மனியில் அந்த இலையுதிர்காலத்தில் விலை முந்தைய ஆண்டைவிட இரு மடங்கைத் தாண்டியது.

எரியும் தரத்துக்கு 5க்கு 4 மதிப்பெண் தருவேன். மரம் வந்த வழியைச் சொல்வதில் 5க்கு 2 மட்டுமே. வாங்குவோர் மூட்டையிலுள்ள அடையாள எண்ணை இஎன்பிளஸ் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், ஏனெனில் போலி முத்திரைகளும் புழங்குகின்றன. அத்துடன், ஆலைக்கழிவு எத்தனை சதவீதம், அடிமரம் எத்தனை சதவீதம், எந்த நாட்டுக் காட்டிலிருந்து வந்தது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்கவும். எழுத்தில் பதில் தருபவரிடமே நான் வாங்குகிறேன், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும்.