ஃபெல்ட்டா, காடாவா? கைத்தையல் பேட்ச்சுக்கு மொதல்ல எதை எடுக்கணும்

கையால எம்ப்ராய்டரி பேட்ச், அதாவது தனித் துணியில படம் தைச்சு வெட்டி பை மேல வைக்கிற துண்டு, போடணும்னு யார்கிட்ட கேட்டாலும் "ஃபெல்ட் வாங்கு, ஈசி"ன்னுதான் சொல்லுதாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பெறவு ஒரே படத்தை ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன், இப்ப நான் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, பக்கம்தான்.

ஃபெல்ட்டுங்கிறது நெசவு இல்லாம இழையை அமுக்கிச் செஞ்ச கெட்டித் துணி, அதோட பலம் ஓரம்தான். வெட்டுனா இழை பிரியாது, பேப்பர் மாதிரி கத்தரியால வெட்டி எடுத்தா வேலை முடிஞ்சுது. காடா அப்படி இல்ல, வெட்டுன ஒடனே ஓரத்துல இழை உருவ ஆரம்பிச்சிரும். இது ஒண்ணுக்காகத்தான் எல்லாரும் ஃபெல்ட்டைச் சொல்லுதாங்க.

ஆனா புதுசா தைக்கிறவங்களுக்கு ஓரத்தை விட பெரிய கஷ்டம் கோடு நேரா வர்றதுதான். நான் போட்டது நுங்கு படம், வெளிய கருப்புத் தோலு, நடுவுல வெள்ளை, அதுக்குள்ள மூணு கண்ணு. ஃபெல்ட்ல படம் பதிக்கிற கார்பன் பேப்பர் சரியா பதியல, மெல்லிசு பேப்பர்ல வரைஞ்சு குண்டூசி குத்தி அது மேலயே தைச்சுட்டு பேப்பரைக் கிழிக்கணும், தையலுக்கு அடியில சிக்குன துண்டை எல்லாம் ஊசி முனையால நோண்டி நோண்டி எடுக்கணும். ரெண்டு இழை நூல் அந்தப் பஞ்சுக்குள்ள அமுங்கிப் போயி கோடு விட்டு விட்டுத் தெரிஞ்சுது, மூணு இழை போட்டாத்தான் எடுப்பா நின்னுச்சு. அப்பயும் மூணு கண்ணும் மூணு அளவுல வந்துச்சு.

காடாவை மொதல்ல தண்ணில நனைச்சு காயவச்சு அயர்ன் பண்ணிருங்க, சுருங்குறது அப்பவே சுருங்கிரும். ஃப்ரேம்ல இழுத்து மாட்டி விரலால தட்டுனா டொம்முன்னு சத்தம் வரணும். நீல கார்பன் பளிச்சுனு விழும், நெசவு இழை கண்ணுக்குத் தெரியுதுல்லா, அதையே எண்ணி எண்ணி ஒரே நீளத்துல பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னால கொண்டுபோய்க் குத்துறது) போடலாம். ஆங்கர் நூல் ஒரு கட்டு 8 மீட்டர், அதுல 6 இழை இருக்கும், முழங்கை நீளத்துக்கு வெட்டி ஒவ்வொரு இழையா உருவி எடுத்து ரெண்டு ரெண்டா சேத்துக்கிடுங்க, மொத்தமா பிரிச்சா சிக்கு விழுந்துரும்.

காடா ஓரத்துக்கு நான் செய்றது இதுதான். படம் முடிஞ்சதும் சுத்தி 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, வளைவுல சின்னச் சின்னதா கத்தரிச்சு, பின்னால மடிச்சு ரன்னிங் ஓட்டுதேன். பிளவுஸ் கழுத்துக்கு டெய்லர் வைப்பாங்கல்லா அந்த ஒட்டுற கேன்வாஸை அளவா வெட்டி மடிச்ச ஓரத்து மேல வச்சு அயர்ன் பண்ணுதேன். கடைசியா மூணு இழையில காஜா தையல் (பட்டன் ஓட்டை ஓரத்துக்குப் போடுறது), இடைவெளி விடாம நெருக்கி நெருக்கி. ரெண்டு இஞ்ச் வட்டத்துக்கு ஒரு சாயங்காலம் முழுசா ஓடிரும், பொறுமை வேணும். பிஷப் கால்டுவெல் வீட்டம்மா எலிசா அந்தக் காலத்துலயே திருநெல்வேலிச் சீமை இடையன்குடி பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க, அந்த நுணுக்கத்துக்கு முன்னால இந்த ஓர வேலையெல்லாம் எவ்வளவு.

இன்னொண்ணு துவைக்கிறது. நம்ம பக்கம் துணியை துவைகல்லுல அடிச்சுத் தப்புற வீடு இன்னும் நெறைய இருக்கு. ஃபெல்ட் அதைத் தாங்காது, மேல உருண்டை உருண்டையா பிசிறு எழும்பிரும். கடையில கிடைக்கிற ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர், சூடான அயர்ன் பாக்ஸ் பட்டா உருகும். காடாவுக்கு ரெண்டுமே பிரச்சனை இல்ல, சிவப்பு நூல் போட்டா மட்டும் ஈர வெள்ளைத் துணியில தேய்ச்சு சாயம் விடுதான்னு பாத்துக்கிடுங்க.

பழைய ஜீன்ஸும் நல்லா இருக்கும், செயின் ஸ்டிட்ச் அதுல அழகா விழும், ஆனா மஞ்ச கார்பன் வேணும், ஊசி தள்ளித் தள்ளி விரல் நோவும், அதனால மூணாவது நாலாவது பேட்ச்சுக்கு வச்சுக்கிடலாம். ஃபெல்ட்டை கீ செயினு, சுவத்துல மாட்டுறதுன்னு தண்ணி படாத சாமானுக்கு எடுங்க, அங்க அதை அடிச்சுக்க ஆள் இல்ல.

பேட்ச்சை பையில வைக்கும்போது சூடு காட்டி ஒட்டுற பசை ஷீட்டை மட்டும் நம்பாதீங்க, துவைக்கத் துவைக்க ஓரம் எழும்பும், நைலான் பையில சூடும் காட்ட முடியாது. என் நுங்கை கருப்பு நூலால காஜா தையலுக்கு அடியில ஊசியை விட்டு விட்டு எடுத்து மக ஸ்கூல் பையில தைச்சேன், தையல் வெளிய தெரியவே இல்ல.