பழைய உடுப்புகள்: ஊர் சுற்றி வாங்குவதா, திரையில் தேடி வாங்குவதா?

என் அலமாரியில் இரண்டு கம்பளிக் கோட்டுகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. இரண்டும் 1960-களில் தைத்தவை, இரண்டும் அடர்பச்சை, இரண்டுக்கும் உள்ளே வழவழப்பான லைனிங். ஒன்று ஒரு பயணத்தில் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. மற்றது ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போனில் பார்த்து ஆர்டர் செய்தது. முதல் கோட்டைக் குளிர் வந்தாலே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். இரண்டாவதை இதுவரை ஒருமுறைகூட வெளியே போட்டுக்கொண்டு போகவில்லை.

இதை மட்டும் வைத்துச் சந்தைதான் உசத்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருக்கும் பட்டு ஸ்கார்ஃப்களும் ஜீன்ஸும் முழுக்கத் திரையில் தேடி வாங்கியவை. அவற்றில் ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை. பயணத்தில் வாங்கி வந்து வருத்தப்பட்டவையும் இருக்கின்றன. பல வருஷம் இரண்டு பக்கமும் வாங்கிப் பார்த்தபிறகு எனக்குப் பிடிபட்டது இது: ஒரு பழைய உடுப்பின் வயதையும் நிலையையும் சொல்லும் சாட்சி அதில் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். லேபிளிலும் பட்டனிலும் இருந்தால் அதைப் படம் பிடித்துக் காட்டிவிடலாம், திரை போதும். மூக்குக்கும் விரல் நுனிக்கும் மட்டும் தெரிவதாக இருந்தால் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

மூக்கும் விரலும் சொல்பவை

அந்த இரண்டாவது கோட்டையே எடுத்துக்கொள்வோம். விற்றவர் எட்டுப் படங்கள் போட்டிருந்தார். காலர், பட்டன், லேபிள், லைனிங் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பார்சலைப் பிரித்ததும் பாச்சை உருண்டை நெடி அடித்தது. அதற்கு அடியில் ஈரத்தில் கிடந்த துணியின் பூஞ்சை வாடை. கோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். காலருக்குக் கீழேயும் அக்குளிலும் ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள். அந்துப்பூச்சி அரித்திருக்கிறது. துணியைத் தின்பது பூச்சி இல்லை, அதன் புழுதான். கம்பளியிலும் ரோமத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதம் அதற்குத் தீனி. வியர்வையும் அழுக்கும் படிந்த இடமென்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். வெள்ளைச் சுவரில் மாட்டி முன்னால் நின்று எடுத்த படத்தில் இந்த ஓட்டைகள் தெரியவே தெரியாது. விற்றவர் மறைத்தார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், அவரும் பார்த்திருக்க மாட்டார்.

சந்தையில் முதல் கோட்டை வாங்கியபோது என்ன செய்தேன்? இரண்டு கையாலும் தூக்கி வானத்துக்கு நேராகப் பிடித்தேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி அக்குளை முகர்ந்து பார்த்தேன். லைனிங்கின் தோள் தையலை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை எட்டுப் படங்களாலும் ஈடுகட்ட முடியாது.

பட்டு கவுன் என்றால் இன்னும் கவனம் வேண்டும், குறிப்பாக 1920-களும் அதற்கு முந்தையவையும். பட்டு நூலில் இயற்கையாக இருக்கும் கோந்தை நீக்கினால் எடை ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும். அந்தக் காலத்தில் பட்டு எடைக்கு விற்ற சரக்கு. போன எடையைத் திரும்பக் கொண்டுவர வெள்ளீய உப்புக் கரைசலில் துணியை ஊறவைத்தார்கள். துணி கனமாக, மடிப்பு அழகாக விழுந்தது. ஆனால் அந்த உப்பு நூலை உள்ளிருந்தே அரித்துக்கொண்டே இருந்தது. இன்று அந்த கவுனை ஹேங்கரில் மாட்டிப் படம் எடுத்தால் தேவதை உடுப்பு மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் மடிப்பு வழியே விரிசல் விட்டுக் கிழியும். ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. ஊசி போகும் இடமெல்லாம் புதுக் கிழிசல்தான் வரும். இந்த வகைப் பட்டைத் திரையில் வாங்கவே வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

செருப்பு, ஷூ விஷயமும் கிட்டத்தட்ட அதேதான். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த அடிப்பாகம் உள்ள பழைய ஷூவை யாருமே போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும், காற்றின் ஈரம் பட்டுப் பட்டே அது பொடிந்துவிடும். "புத்தம் புதுசு, பயன்படுத்தாதது" என்ற வரி இங்கே எந்த உத்தரவாதமும் தராது. கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தால் போதும்.

லேபிள் பேசும் இடத்தில் திரை ஜெயிக்கும்

சரி, ஜீன்ஸுக்கு வருவோம். லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புத் துணித்துண்டு 1936-ல் வந்தது. அதில் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தால் அது பெரும்பாலும் 1971-க்கு முந்தைய சரக்கு. அதற்குப் பிறகு 'ஈ' எழுத்து சிறியதாகிவிட்டது. பழையதைப் போலவே புதிதாகத் தைத்து அதே பெரிய எழுத்தைப் போடுவதும் உண்டு என்பதால், உள்ளே இருக்கும் துவைப்புக் குறிப்பு லேபிளின் படத்தையும் கேட்பேன். துணியில் துவைப்புக் குறிப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1972-ல். அப்படி ஒரு லேபிள் அமெரிக்க உடுப்பில் இருந்தால் அது 1950-களுடையது என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

இப்படிப் படத்திலேயே படிக்கக்கூடிய தடயங்கள் நிறைய உண்டு. கம்பளியின் தரத்தைக் காட்டும், நூல்கண்டு போன்ற வுல்மார்க் முத்திரை 1964-ல் அறிமுகமானது. பிரிட்டனில் போர்க்காலச் சிக்கனத் திட்டத்தில் தைத்த உடுப்புகளில் இரண்டு 'சி' எழுத்துகளும் 41 என்ற எண்ணும் சேர்ந்த முத்திரை இருக்கும். 1941-ல் தொடங்கி 1952 வரை அது ஓடியது. அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபிள் இருந்தால், அந்தச் சங்கம் 1995-ல் வேறொன்றுடன் இணைந்துவிட்டது என்பதால் உடுப்பு அதற்கு முந்தையது.

திரைக்கு இன்னொரு பலமும் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. சந்தையில் ஒரு ஸ்கார்ஃப் கையில் கிடைத்தால் அது ஒன்றுதான் கண்ணெதிரே இருக்கும். ஒப்பிட வேறு கிடையாது. திரையில் அதே டிசைனின் பல பிரதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸ் 1937 முதல் சதுரப் பட்டு ஸ்கார்ஃப்கள் செய்கிறது. அதன் வழக்கமான அளவு 90 சென்டிமீட்டர். ஓரத்தை முன்பக்கமாகச் சுருட்டிக் கையால் தைத்திருப்பார்கள். சுருட்டல் குண்டாக, உருண்டையாக நிற்கும். தட்டையாக அமுங்கிய ஓரத்தையும், மெஷின் தையலையும் பெரிதாக்கிய படத்தில் சில நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான் பிறகு சந்தையிலும் எனக்கு உதவியது.

லேபிளே இல்லாத உடுப்பு

நான் மனதார விரும்புவது லேபிளே இல்லாத, வீட்டில் தைத்த உடுப்புகளை. இங்கே திரை அநேகமாகத் தோற்றுப்போகும். பெயர் இல்லாததை எந்தச் சொல் போட்டுத் தேடுவது? விற்பவருக்கும் அதை எப்படி எழுதுவதென்று தெரியாது, "பழைய பூப்போட்ட கவுன்" என்று போட்டுவிடுவார்.

ஒரு பயணத்தில் சாலையோரம் விரித்த தார்ப்பாயில் மங்கலான நீல நிறப் பருத்தி கவுன் ஒன்று சுருண்டு கிடந்தது. வெளியே பார்த்தால் சாதாரணம். உள்பக்கம் திருப்பினேன். தையல் ஓரங்கள் எல்லாம் கையாலேயே பொடிப்பொடியாகச் சுற்றித் தைத்திருந்தது, இன்றைக்கு ஓவர்லாக் மெஷின் செய்யும் வேலை. கீழ் மடிப்பு நாலு விரல் அகலம்; அதற்கு மேலே மங்காத நீலத்தில் ஒரு கோடு, அதற்கும் மேலே இன்னொன்று. யாரோ ஒரு பெண் வளர வளர மடிப்பை இரண்டு முறை இறக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டு ஜிப் உலோகம், ஆனால் பக்கத்தில் வெற்று ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன, அதாவது ஒருமுறை ஜிப்பை மாற்றியிருக்கிறார்கள். ஜிப்பை மட்டும் வைத்து வருஷம் சொல்லக்கூடாது என்பதை அந்த கவுன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இந்த எதையுமே யாரும் படம் எடுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

விலையிலும் இது தெரியும். புகழ்பெற்ற பெயர் உள்ள உடுப்பு என்ன விலைக்குப் போகும் என்பது திரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை, மலிவாகக் கிடைப்பது அபூர்வம். பெயரில்லாத நல்ல தையலுக்குச் சந்தையில்தான் கைக்கெட்டிய விலை. அதுவும் கடையைக் கட்டும் நேரத்தில் போனால் பேரம் சுலபம்.

அளவு

இதில் இரண்டு வழியும் ஏமாற்றும். லேபிளில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் 1958-ல் பெண்கள் உடைக்கான அளவுத் தரம் ஒன்றை அரசு வெளியிட்டது, 1983-ல் அதை விலக்கிக்கொண்டது. நடுவில் நிறுவனங்கள் அதே எண்ணுக்குக் கூடுதல் துணியைக் கொடுத்துக்கொண்டே வந்தன. ஆகவே அன்றைய 12-ம் இன்றைய 12-ம் ஒன்றல்ல, பழையது எப்போதும் சின்னதாகவே இருக்கும். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு கவுனைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, இடுப்புக்குக் குறுக்கே, தோளிலிருந்து இடுப்பு வரை டேப்பால் அளந்து போனில் குறித்து வையுங்கள். திரையிலும் அதையே கேளுங்கள், சந்தையிலும் அதையே அளந்து பாருங்கள். உடுத்திப் பார்க்க மறைவிடம் கிடைக்காத சந்தைகளில் இந்தக் குறிப்பு பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அவசரம்

பயணத்தில் "இனி இந்தப் பக்கம் வரவே மாட்டோம்" என்ற நினைப்பு ஒன்று பிடித்துக்கொள்ளும். அந்த ஊரின் வெயிலும் தெருவும் துணியில் ஒட்டிக்கொண்டு, சுமாரானதையும் அபூர்வமாகக் காட்டும். நான் வருத்தப்பட்டவற்றில் பாதி அப்படி வாங்கியவை. அப்புறம் பயணத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, பெட்டியின் எடையும் ஏறும். திரையில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவெடுக்கலாம். ஏலம் முடியும் கடைசி நிமிஷம் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதில் நான் இறங்குவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் வழக்கம் இப்படி இருக்கிறது. ஜீன்ஸ், ஸ்கார்ஃப், பட்டன், தையல் பேட்டர்ன் இவற்றுக்கான தேடலைப் போனில் சேமித்து வைத்திருக்கிறேன், புதிதாக ஏதாவது வந்தால் அதுவே சொல்லும். கம்பளி, பழைய பட்டு, ஷூ, பெயரில்லாத கவுன் இவற்றைப் பயணத்துக்கென்றே விட்டுவைக்கிறேன். கிளம்பும்போது கைப்பையில் ஒரு டேப்பும் சின்ன டார்ச்சும் இருக்கும். போன பயணத்துக்கு முன்பு அந்த இரண்டாவது கோட்டின் பட்டன்களைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். முதல் கோட்டில் ஒரு பட்டன் விழுந்திருந்தது; அளவு சரியாகப் பொருந்தியது.