ஏழு நாள் ரிங், ஆறு வாரப் புண்

ஆணுறுப்பின் முன்தோல் இறுக்கத்தோடு நாற்பது வயது வரை ஓட்டியவன் நான். தோல் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். கடைசியில் நீக்கிவிடலாம் என்று முடிவானது. தையல் போட்டுச் செய்வதா, பிளாஸ்டிக் ரிங் மாட்டிச் செய்வதா என்று கேட்டார்கள். தையல் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ரிங் என்றேன்.

கருவியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. உள்ளே ஒரு வளையம், வெளியே பூட்டிக்கொள்ளும் இன்னொன்று. நடுவே தோலை இறுக்கிப் பிடித்து, மிஞ்சியதை வெட்டிவிடுகிறார்கள். மரத்துப்போகப் போட்ட ஊசிதான் சுருக்கென்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரத்தமும் சில சொட்டுதான். இந்த வகையில் ஷாங் ரிங் என்ற கருவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் முன்தகுதி (தரம், பாதுகாப்பு பார்த்துத் தரும் ஒப்புதல்) கொடுத்திருக்கிறது என்று படித்திருந்ததால் தைரியமாகப் படுத்தேன்.

என் வருத்தமெல்லாம் ‘ஏழே நாளில் கழற்றிவிடலாம்’ என்று அந்தக் கிளினிக்கில் சொன்ன விதத்தில்தான். கழற்றினார்கள், உண்மை. ஆனால் கண்ணால் பார்க்கும்படியான புண் அன்றைக்குத்தான் பிறக்கிறது! தையலில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். ரிங்கில் அப்படி இல்லை. இறுக்கப்பட்ட தோல் செத்து உதிர, அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்துதான் இடைவெளி மூடவேண்டும். அதனால் தையலைவிடச் சில நாள் கூடவே எடுக்கும். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பாதிதான் பயந்திருப்பேன்.

மாட்டியிருந்த வாரத்தில் பகல் பரவாயில்லை. விடியற்காலைதான் கொடுமை. தூக்கத்தில் தானாக வரும் விறைப்புக்கு ரிங் இருப்பது தெரியுமா என்ன? எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு நாலு நடை நடந்தால் அடங்கும். கழற்றும் நாளில் உள்வளையத்தை வெட்டி எடுக்கிறார்கள். வலி மாத்திரையை அரை மணி முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய இடம் பிரியும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பத்தாவது நாள் வாக்கில், புண்மேல் மஞ்சளாக ஒரு படலம். சீழ் என்று அலறியடித்துக்கொண்டு ஓடினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, “இது ஆறுகிற புண்ணில் வருவதுதான், சுரண்டாதீங்க” என்றார். நாற்றம், காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி, இவை இருந்தால்தான் உடனே வரவேண்டுமாம். இந்த நாலு வரியை ஒரு சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுக்க என்ன கேடு? ரிங்குக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். விளக்கிச் சொன்னதற்கு ஒன்றரை, அந்த அரையும் நர்ஸுக்காக.

கீழ்ப்பக்கம் தண்ணீர் கோத்தமாதிரி வீங்கியது. இறுக்கமான ஜட்டி போட்டு, உறுப்பை மேல்நோக்கி வைத்துக்கொண்ட பிறகு வடிந்தது. நான் முதலில் தொளதொள கால்சட்டைதான் நல்லது என்று நினைத்திருந்தேன், அது தப்பு. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுத்தேன். தோல் நீங்கிய உறுப்பு நுனியில், அதாவது மொட்டில், துணி உரசும் கூச்சம்தான் எல்லாவற்றையும்விட நாள்பட்டது.

நாலாவது வாரம் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் துள்ள, ஆறு வாரம் முடியும்வரை உடலுறவு கூடாது என்று டாக்டர் மறுபடி சொன்னார். மேலே மூடினாலும் அந்தத் தோல் இன்னும் எளிதில் கிழியுமாம். ஆறாவது வாரம் எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, போகலாம்” என்றார். நான்தான் பயத்தில் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.